மூட்டுவலி மாத்திரை

அன்புள்ள பாப்பா,

என் நுரையீரலில் குடியேறிய கிருமி எந்த மருந்துக்கும் காலி செய்ய மாட்டேன் என்கிறது. கடைசியாக, டாக்டரம்மா மூட்டுவலிக்கான பழைய மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார். அது கிருமியையும் கொல்லக்கூடுமாம். டிராக்டர் பெல்ட்டை வேனில் மாட்டி ஓட்டிய மெக்கானிக், எனக்கா இது புரியாது?

இன்று காலை டாக்டரம்மா, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார்.

"முழங்கால் பிரமாதம்மா, மாடியே ஏறிடும். மூச்சுதான் கூட வர மாட்டேங்குது."

நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்காமல், "உங்க பொண்ணு எப்ப வராங்க?" என்று கேட்டார்.

மாற்று பெல்ட் வண்டியை வீடுவரை கொண்டு சேர்க்கும். மறுநாள் சவாரிக்கு ஆகாது. உனக்கும் தெரியும்.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்டுப் பாரேன், பாப்பா.

இப்படிக்கு,
முழங்கால் மட்டும் குணமான அப்பா