லண்டன் ஐயாயிரம் மைல்

மளிகைக் கடையில் துவரம்பருப்பு கட்டிக் கொடுத்த செய்தித்தாளைப் பிரித்தேன். அதில் ஒரு விமான விளம்பரம். பம்பாயில் ஜெட் விமானம் ஏறினால் அரை நாளில் லண்டனாம். பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "நான் போனப்ப ரெண்டு நாள் ஆச்சு" என்று தெரு முழுக்கப் பெருமை அடித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அந்த இரண்டு நாளைத்தான் நான் நம்பவேயில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தோல் கணக்கு. ஆம்பூர் டேனரியில் பதனிட்டுக் கட்டிய தோல் மதராசில் கப்பலேறினால் லண்டன் சேர ஒரு மாதம். சரக்கில் குறை என்று அங்கே வாங்குகிறவர்கள் தகராறு செய்ய, நேரில் போய்ப் பேச முதலாளி உங்களை அனுப்பினார்.

"ஐயாயிரம் மைல்டி. ரெண்டே நாள்ல இறங்கிடுவேன்."

"தோலு போறதுக்கே ஒரு மாசம் ஆவுது. உங்கள மட்டும் இன்னா, காத்து தூக்கினு போவுதா?"

"காத்துதாண்டி! போன வாரம் அனுப்புன கட்டு இன்னும் கடல்லதான் கீது. அதுக்கு முன்னாடி நான் போய் நிப்பேன் பாரு."

வழக்கமான உங்கள் அளப்பு என்று விட்டுவிட்டேன். பம்பாய், கெய்ரோ என்று வழியில் இறங்கும் ஊர்களையெல்லாம் அடுக்கினீர்கள். எனக்கு வேலூருக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒன்றுதான்.

நீங்கள் போன மூன்றாம் நாள் தந்தி வந்தது. நம் தெருவுக்கு எந்தத் தந்தி நல்லது சொல்லியிருக்கிறது? பிரிப்பதற்கு முன்பே உங்கள் அம்மா மாரில் அடித்துக்கொண்டார். டேனரி குமாஸ்தா ஓடி வந்து படித்தார்.

"நல்ல சேதிதாம்மா. லண்டன்ல சௌக்கியமா இறங்கிட்டாராம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோலே கடலில் மிதக்கும்போது மனுஷன் எப்படி இறங்குவார்? விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். "அவரு கையால எழுதி வரட்டும், அப்பால நம்புறேன்" என்று குமாஸ்தாவை விரட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு பீபி அக்கா, "பேஜார் பண்ணாத, ஒரு வாய் துன்னு" என்று தட்டோடு வந்து நின்றார். சோறு இறங்கவில்லை. காலையில் குங்குமச் சிமிழைத் திறந்து, வைக்கலாமா என்று யோசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஒரு வழியாக நீலத் தாளில் உங்கள் கோணல் எழுத்து வந்து சேர்ந்தது. "நான் வந்துட்டேன். நம்ம கட்டுதான் இன்னும் வரல. குளிர் ஜாஸ்தி." மகனை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அன்றைக்குத்தான் வயிறார உண்டேன். திரும்பி வந்து கதையைக் கேட்டதும், "கவர்மெண்டு தந்தியவே நம்பலியாடி நீ?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

இந்தத் தை மாதம் உங்களை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம்தான். கடைசியில் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் போய்விட்டதாக டாக்டர் வந்து சொன்னார். மகன் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் தெருவே கூடிச் சொல்லி அழுதது. நானும் அழுதேன். ஆனாலும் உங்களைப் பற்றி அடுத்தவர் சொல்லி நம்புவது எனக்கு இன்னும் பழகவில்லை. தபால்காரர் நம் வாசலில் நிற்காமல் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.