ஏலக்கூடத்தில் நைனாவின் நிறம்

என் பிரியமான நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப்பம் மீன் ஏலக்கூடத்தில் உன் படத்தை மாட்டினேன். மாலை போட்டுப் பொட்டு வைத்த படம் இல்லை, நானே வரைந்தது. ஊரே வந்து பார்த்தது. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி இத்தனை பேர் முன்னால் நான் எதுவும் செய்ததில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மாதா கோயில் தெரு ஸ்டெல்லாவை உனக்குத் தெரியும். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அன்று அவளையும் அவள் பெட்டியையும் பொன்னேரி வரை கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட்டவன் நீதான். இப்போது திரும்பி வந்துவிட்டாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கேன்டீனில் சமையல் வேலை. குவைத்தில் பொழுது போகாத வெள்ளிக்கிழமைகளில் கரித்துண்டால் படம் போடப் பழகியிருக்கிறாள். பார்த்தால் அசந்துபோவாய்.

அவள்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியிருக்கிற குப்பங்களில் படம் வரைகிறவர்கள் ஆறு பேர் இருக்கிறோம், எல்லோரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கலாம், அவரவர் வந்த வழியை அவரவர் வரைய வேண்டும் என்றாள். பேர் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். "கறுப்புன்னு வெக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குவைத்தில் ஆறு வருஷமும் அந்த வீட்டில் ஒருத்தர்கூடத் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்று முதல் தடவையாகச் சொன்னாள். "நம்ம ஆறு பேரும் அதே கலருதானே அமுதா. நம்மளே சொல்லிக்கினா இன்னா?"

நான் உடனே ஒத்துக்கொண்டேன். எதை வைக்கப் போகிறேன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும்.

அந்த ஃபோட்டோதான் நைனா.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. ஃபோட்டோ அனுப்பச் சொன்னார்கள். நீ வேட்டி மாற்றிக்கொண்டு என்னைப் பழவேற்காடு கடைத்தெரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாய். படம் எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து அந்த ஆளிடம் மெதுவாக, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுப்பா" என்றாய். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாய். அவன் ஏற்றினான். நீ திரும்பவும் "இன்னும் கொஞ்சம்" என்றாய். எனக்கு அதுவும் கேட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் எட்டுப் பேர். நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன். மாப்பிள்ளையின் பெரியம்மா பையிலிருந்து ஃபோட்டோவை எடுத்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஃபோட்டோல கீறது தங்கச்சியா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நம் வீட்டில் நான் ஒரே பெண். நீ தரையைப் பார்த்தபடி, "இல்லம்மா, இதே பொண்ணுதான்" என்றாய். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாகவே கிளம்பிப் போனார்கள். பிறகு தகவல் எதுவும் வரவில்லை.

அவர்கள் வேண்டாம் என்றது எனக்கு அப்படி வலிக்கவில்லை. நீ 'இன்னும் கொஞ்சம்' என்றதுதான் வலித்தது. நாலு மாதம் உன்னோடு பேசவில்லை. நீயும் கேட்கவில்லை. காலையில் படகிலிருந்து வந்ததும் எனக்குப் பிடித்த மடவை மீனைத் தனியாக எடுத்து அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போவாய். அப்புறம் எப்படியோ பேச ஆரம்பித்தோம். மழையைப் பற்றி, வலையைப் பற்றி, அம்மாவின் முட்டிவலியைப் பற்றி. அந்த ஃபோட்டோவைப் பற்றி மட்டும் கடைசி வரை பேசவே இல்லை. போன வருஷம் ஒரு விடியற்காலையில் ஏரிக்கரையில், படகைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எனக்குச் செய்தி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதைத்தான் கண்காட்சியில் வைக்கத் தீர்மானித்தேன். ஸ்டூடியோ ஃபோட்டோவைப் பெரிதாக்கி மாட்டுவது, அதற்குப் பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்து நானே வரைந்த என் முகம், நடுவில் ஒரு பக்கத்துக்கு எழுத்து. 'என் நைனா என்னை வெளுத்த கதை' என்று தலைப்பு வைத்தேன். பெரியம்மா கேட்ட கேள்வி, நீ தரையைப் பார்த்தது, ஒன்றுவிடாமல் எழுதினேன். எழுத எழுதக் கோபம் புதிதாக வந்தது. செத்தவர் மேல் கோபப்படுவது தப்பு என்று தெரியும். ஆனால் வந்தது நைனா, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்திருக்கிறாள்.

"செத்த மனுசன இட்டாந்து ஊரு நடுவுல நிக்க வெக்கப் போறியா?" என்றாள்.

நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.

அம்மா தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு சுவரில் மாலையோடு இருக்கிற உன் படத்தைக் கையால் காட்டினாள். "அப்போ அது யாரு? அத்த வெளுத்தது யாரு?"

நைனா, உனக்கு இது தெரியாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பொன்னேரியில் ஃபிளெக்ஸ் கடையில் எனக்கு என்ன வேலை என்று நீ ஒருதரம் கேட்டாய். பேனரில் படம் ஒட்டுகிற வேலை என்றேன். பாதியைத்தான் சொன்னேன். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் முகத்துக்குக் கலர் ஏற்றுவதுதான் என் முக்கால்வாசி வேலை. சிலர் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் ஏற்றிவிடுவோம், அதுவே பழக்கம். நீ போன அன்று முதலாளி வேறு ஆளை வைத்துச் செய்யச் சொல்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை. என் நைனா பேனரை நானே செய்வேன் என்று அழுதுகொண்டே போய் உட்கார்ந்தேன்.

அம்மாவின் போனில் உன் படம் ஒன்று இருந்தது. படகு விளிம்பில் உட்கார்ந்து நீ எதற்கோ சிரிக்கிறாய். அதை எடுத்து, பின்னால் இருந்த ஏரியை வெட்டினேன், தோளில் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டேன், முகத்தைப் பிடித்துக் கலரை ஏற்றினேன். ஒருதரம் ஏற்றிப் பார்த்தேன். பத்தவில்லை என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அந்தப் படம்தான் பஸ் நிறுத்தத்தில் பதினாறு நாள் நின்றது. அதைத்தான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். ஒரு வருஷமாக அதற்குத்தான் அம்மா விளக்கேற்றுகிறாள். நான் அதைப் பார்க்காத நாள் இல்லை. அப்படியும் அம்மா சொல்கிறவரை எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் கடைக்குப் போனதும் பழைய ஃபைலைத் தேடித் திறந்தேன். நீ அப்படியே இருந்தாய். வெயிலில், ஏரிக்கு முன்னால், நல்ல கறுப்பாக. இவ்வளவு நாளாக உன் முகம் எனக்கு மறந்துபோய்க்கொண்டு வந்தது நைனா. உன்னை நினைத்தால் அந்த பேனர் முகம்தான் வரும். அது துக்கத்தில் எல்லோருக்கும் நடப்பது என்று நினைத்திருந்தேன். துக்கம் காரணமில்லை. என் கைதான் காரணம்.

எழுதிய தாளைக் கிழித்தேன். கண்காட்சிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் இருந்தன. வாசலில் வேப்பமர நிழலில் பலகையைச் சாய்த்துவைத்து உன்னை வரைய ஆரம்பித்தேன். கறுப்பு வண்ணக் குழாயைப் பிதுக்கிப் பூசினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பூசினால் அது நீயாக இல்லை, நிழல் மாதிரி இருந்தது. நீலம் கலந்தேன், செம்மண் நிறம் கலந்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைப் படித்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசாதவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நெத்தி இன்னும் கறுப்பு. வெயிலு மொதல்ல அங்கதான் படும்."

நெற்றியைக் கறுப்பாக்கினேன்.

"கண்ணுக்குக் கீழ அவ்ளோ இல்ல. அங்க ஒரு செவப்பு ஓடும். உப்புத்தண்ணி பட்டுப் பட்டு."

அதையும் சரி செய்தேன். முன்கை ஒரு நிறம், தோள் ஒரு நிறம், பனியன் மறைக்கிற இடம் வேறு நிறம் என்று சொல்லிக்கொண்டே போனாள். முப்பத்தைந்து வருஷம் பார்த்த உடம்பு. ஒரு இடம்கூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. முடிகிற நேரத்தில், காதுக்குப் பின்னால் உனக்கு ஒரு மச்சம் உண்டு, கறுப்பு மேலே கறுப்பாக இருப்பதால் யாருக்கும் தெரியாது என்றாள். எனக்கே தெரியாது. அதை அவளையே வைக்கச் சொன்னேன். சுண்டுவிரலால் தொட்டு வைத்தாள். வைத்துவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்காட்சி அன்று காலை ஏலம் முடிகிற வரை காத்திருந்து, கூடத்தைக் கழுவிவிட்டு, பதினோரு மணிக்குத்தான் மாட்ட ஆரம்பித்தோம். எவ்வளவு கழுவியும் மீன் வாசம் போகவில்லை. இரும்புத் தூண்களுக்கு நடுவே வலைக் கயிற்றைக் கட்டி அதில் தொங்கவிட்டோம். ஏரிக்காற்றில் படம் ஆடாமல் இருக்க அடியில் ஈயக்குண்டு கட்டியவர் கன்னியப்பன் அண்ணன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர் அவர். ஏரியின் கறுப்புச் சேற்றையே பழைய வேட்டியில் பூசி, அவர் அம்மா இறால் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு போகிற படத்தை வைத்திருந்தார். ஸ்டெல்லா அவள் குவைத்து ஜன்னலை வைத்தாள். வெறும் ஜன்னல், உள்ளே ஒரு பெண்ணின் முதுகு. அதன் கீழே தன் முழுப் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தாள்.

நான் நாலு படம் வைத்தேன். மேலே இரண்டு: நீ வெளுத்த நான், நான் வெளுத்த நீ. கீழே இரண்டு: நம் நிறத்தில் நீ, நம் நிறத்தில் நான். தாளில் ஒரு வரிதான் எழுதினேன். 'நானும் என் நைனாவும் ஒருவரை ஒருவர் வெளுத்துக்கொண்டோம்.'

'கறுப்பு' என்ற பேரைப் பார்த்துக் கேலி பேசியவர்களும் இருந்தார்கள். கறுப்பைப் பார்க்க ஏலக்கூடம் எதற்கு, எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே என்றார் ஒருவர். ஆனால் உள்ளே வந்தவர்கள் சீக்கிரம் வெளியே போகவில்லை. உன்னோடு ஒரே படகில் போன முனுசாமி மாமா வந்தார். உன் முன்னால் நின்றார், வெகுநேரம். "பேனர்ல பாக்கசொல்ல யாரோ ஆபீசருனு இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். பிறகு படத்தைப் பார்த்து, "இப்பதான்டா வந்து கீற" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வரமாட்டேன் என்றிருந்தாள். இரண்டு மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நாலு படத்தையும் பார்த்தாள், தாளைப் படித்தாள். காலி மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் கழற்றுகிறவரை எழுந்திருக்கவில்லை. வந்து நின்ற ஒவ்வொருவரிடமும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "எங்க வூட்டுக்காரரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒன்று கேட்கிறேன் நைனா. ஸ்டூடியோவில் 'இன்னும் கொஞ்சம்' என்றபோது உன் மனதில் என்ன இருந்தது? உன் பேனரில் நான் அதையே செய்தபோது எனக்கு உன்மேல் வெறுப்பு இல்லை. என் நைனாவைப் பார்த்து யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். உனக்கும் அவ்வளவுதானா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நாலு மாதத்தை வீணாக்கிவிட்டேனா?

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். ஒரு அம்மா மஞ்சள் நீராட்டு பேனருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கலர் ஏத்து என்றாள். எதற்கு, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஏற்றினேன். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊர் மாறிவிட்டது என்று உன்னிடம் கதை விட மாட்டேன்.

சென்னையிலும் இந்தப் படங்களை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். உன்னை அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு எங்கியும் வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டாள். சுவரில் இருந்த பேனர் முகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உன்னை மாட்டியிருக்கிறாள். சென்னைக்கு நான் வேறு ஒன்று வரைய வேண்டும். மச்சம் வைக்க அம்மா கை வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

தடா பக்கத்திலிருந்து எனக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. எனக்கு வயது ஏறிவிட்டது, ஆனாலும் வந்திருக்கிறது. ஃபோட்டோ கேட்கிறார்கள். நாளை மத்தியானம் படகுத்துறையில், உச்சி வெயிலில், ஸ்டெல்லா எடுக்கப் போகிறாள். அதில் யார் கையும் படாது நைனா, இது சத்தியம். வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் முதலில் உன்னைப் பார்ப்பார்கள். அப்புறம் நான் வருவேன். இவள் யார் பெண் என்று அவர்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

உன் நிறத்திலேயே பிறந்த உன் மகள்,
அமுதா