தோளில் இருந்த கை

அன்பும் கொஞ்சம் கோபமுமாக, அப்பாவுக்கு,

தம்பி முரளியைப் படத்திலிருந்து கத்தரித்து எடுத்த நீங்கள், உங்கள் தோளில் இருந்த அவன் கையை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? கையை வெட்டினால் சட்டையும் தோளும் சேர்ந்து போயிருக்கும், அவ்வளவுதான் என்று என் புத்தி சொல்கிறது. அம்மா அதை ஏற்கவில்லை. நீங்களோ எப்போதும்போல எங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டுப் போய்விட்டீர்கள்.

நாளை உங்கள் முதல் வருஷத் திதி. தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். உங்களை எடுத்துப்போன அன்று தெருமுனை வரை வந்து, வாசலில் கால் வைக்காமல் திரும்பியவன். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நாளைக்காவது பிள்ளை கையால் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் கிடைக்க வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் போனில் சொன்னதை நான் அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. “வரேன்க்கா. ஆனா பழசு எதையாவது கண்ணு முன்னாடி கொண்டாந்து வெச்சீங்கன்னா, அப்படியே வண்டிய எடுத்துடுவேன்.”

இதற்கு நடுவில் அம்மாவுக்கு ஒரு படம் வேண்டுமாம். “அப்பாவும் அவனும் ஒண்ணா நிக்கற மாதிரி பண்ணுடி. கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களே. அதப் பாத்தா அவன் மனசு எறங்கும்.”

நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சுற்றிலும் சின்னச் சின்னதாக உங்கள் கல்யாணப் படம், ரிட்டயர்மென்ட் மாலை, என் பெண்ணைத் தூக்கி வைத்திருப்பது. நடுவில் பெரிதாக வைக்க நீங்கள் சிரிக்கும் படம் வேண்டும். தேடிப் பார்த்தால் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தம்பி உங்கள் தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேர்ந்த அன்று, ஆவடி குவார்ட்டர்ஸ் சுவர் முன்னால் எடுத்தது. அம்மா அதைப் பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வலது பாதி இல்லை. கத்தரித்த ஓரம் நெளிந்து நெளிந்து போகிறது. உங்கள் தோளில் மட்டும் ஒரு கை.

யார் கை என்று கேட்க வேண்டியதில்லை. இரும்பு உரசிக் கண்ணாடி கீறாமல் இருக்க, நீங்கள் கடிகாரத்தின் முகத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவனும் அப்படிக் கட்டிக்கொண்டான். படத்தில் அந்த மணிக்கட்டின் மேல் தெரிவது வாரின் கொக்கிதான். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுப் பூந்தமல்லியில் பைக் மெக்கானிக் ஷெட் போட்டான். “இனிமே எனக்கு ஒரே புள்ள. அது பொண்ணு” என்றீர்கள். அந்த வார்த்தை எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தீர்களா அப்பா?

படத்துக்குப் பின்னணியாக, படங்களைச் சேர்க்கும் மென்பொருள் அருவியைக் காட்டியது, பனிமலையைக் காட்டியது, தாமரைக் குளத்தைக் காட்டியது. நீங்கள் குற்றாலத்துக்குக்கூடப் போனதில்லை. அதனால் பழைய படத்தில் இருந்த குவார்ட்டர்ஸ் சுவரையே பெரிதாக்கிப் பின்னால் விரித்தேன். மழைக்காலத்தில் ஊறி, நீங்கள் திட்டிக்கொண்டே இருப்பீர்களே, அதே மஞ்சள் சுவர்தான். அதன் மேல் உங்களை வைத்தேன். பக்கத்தில், முரளியின் மனைவி அனுப்பிய படத்திலிருந்து அவனை வெட்டி ஒட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். “என்னடி, உன் தம்பிக்கு மூணு கையா?”

உண்மைதான். பேன்ட் பாக்கெட்டில் இரண்டு, உங்கள் தோளில் ஒன்று. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உடனே எனக்குப் பயம் வந்தது. கையைப் பார்த்தால் படம் வெட்டப்பட்டது அவனுக்குத் தெரிந்துவிடும். இதுவரை தெரியாது. கையின் மேல் மவுஸால் ஒருமுறை தேய்த்தேன். கை மறைந்தது. உங்கள் சட்டைக் கோடுகள், எங்கும் அறுபடாமல், தானாக நீண்டு நிரம்பின. அங்கே எதுவுமே இருந்ததில்லை என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

“கை எங்கடி?”

“வேணாம்மா. பாத்தான்னா கெளம்பிடுவான்.”

“கெளம்பட்டும். அவரே விட்டு வெச்ச கைய எடுக்க நீ யாரு?”

“அவர் விட்டு வெக்கலம்மா. வெட்ட வழியில்ல.”

“அவருக்கா? இரும்பையே அளந்து வெட்டின மனுஷன்டி.” சொல்லிவிட்டு எள்ளைப் புடைக்கப் போய்விட்டாள்.

திரும்பத் திரையைப் பார்த்தேன். பாக்கெட்டில் கைவிட்டு நிற்கும் இந்த நரைத்த முரளியோடு நீங்கள் ஒருநாளும் நின்றதில்லை. அவனை எடுத்துவிட்டேன். அழித்த கையைத் திரும்பக் கொண்டுவந்தேன். கத்தரியின் நெளிந்த ஓரத்தையும் சரிசெய்யவில்லை. அவன் இருந்த இடத்தில் வெறும் சுவர்.

சாயங்காலம் திருவேற்காட்டில் நம் ஃப்ளாட்டுக்குக் கீழே இருக்கும் பிரிண்டிங் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். “மேடம், கை ஒண்ணு எக்ஸ்ட்ராவா கீது. தூக்கிறட்டா? ஒரே கிளிக்கு.”

“வேண்டாம்.”

“பாக்கறவங்க பேய்னு நினைச்சிக்கினு போறாங்கம்மா.”

“நினைக்கட்டும். அப்படியே போடுங்க.”

படம் இப்போது ஹாலில் ஆணியில் மாட்டியிருக்கிறது, முகம் சுவரைப் பார்த்தபடி. திருப்புவதா வேண்டாமா? நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் செய்தது கண்முன்னால் இருக்கிறது.

கடிதத்தை அன்று இத்தோடு நிறுத்தியிருந்தேன். மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஐயர் வருவதற்கு முன்பே முரளி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். நான் யோசிப்பதற்குள் அம்மா போய்ப் படத்தைத் திருப்பிவிட்டாள். அவன் அங்கிருந்தே பார்த்தான்.

“அக்கா, அது என் கைதான?”

“ஆமாடா.”

“மீதி?”

“அப்பா வெட்டிட்டாரு.”

கையிலிருந்த வண்டிச் சாவியை அவன் இறுக்கிப் பிடித்தான். நான் பதறி, வழக்கம்போல விளக்கம் சொன்னேன். “கைய வெட்டியிருந்தா அவர் தோளும் போயிருக்கும்டா. அதான் விட்டுட்டாரு.”

“என்னை முழுசா வெட்டணும்னா அவரையும் வெட்டணும். அதத்தான்க்கா நானும் சொல்றேன்” என்றான்.

செருப்பைக் கழற்றினான். எள்ளும் தண்ணீரும் இறைக்க, இன்னும் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. திதி முடிந்து சாப்பிட்டான். உங்களை மன்னித்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது அடுத்த அமாவாசை என்றைக்கு என்று அம்மாவிடம் கேட்டான்.

படத்தில் பாதி இடம் காலியாக இருப்பதாக வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஏதாவது செடியோ பூவோ வைத்து நிரப்பச் சொல்கிறார்கள். வைக்கமாட்டேன் அப்பா. அந்த இடம் அப்படியே இருக்கும்.

உங்கள் மகள்,
முரளியின் அக்கா