புளியமரத்தடியில் சிவப்புத் துணி

திருத்தணி
14-2-1947

சிரஞ்சீவி ஆதிகேசவனுக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீயும் அங்கே சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அரக்கோணத்தில் உன் அக்காள் வசந்தியின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்தவரையெல்லாம் கடிக்கிறதாம். கரக்பூரில் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய், கம்பளிச் சட்டை இல்லாமல் ஒர்க்ஷாப்புக்குப் போகாதே.

நான் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை முன்பே எழுதினேன். மாலை போட்டார்கள், வயலும் காடும் தாண்டி ஓடுகிற நெடுந்தூர ஓட்டத்தில் என் பையன்கள் ஜெயித்த ஏழு ஷீல்டையும் மேஜையில் வரிசையாக வைத்தார்கள், ஜில்லாவில் இப்படி ஒரு மாஸ்டர் உண்டா என்று பேசினார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத வந்தது அது இல்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் புது மாஸ்டர் இந்த வருஷத்து ஓட்டத்தை நடத்தினார். ஆர்.கே.பேட்டை வண்டிப்பாதையும் மலையைச் சுற்றும் பாதையும் பிரிகிற புளியமரத்தடியில் சிவப்புத் துணி காட்டி வழி திருப்பிவிட நம்பிக்கையான ஆள் இல்லை என்றார், நானே போனேன். நாலு வருஷம் நீ நின்ற இடம். அங்கிருந்து ஓட்டம் புறப்படுவதும் தெரியவில்லை, முடிவதும் தெரியவில்லை. பையன்கள் துணியைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள், ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் கைதட்டல் கேட்டது. இன்னும் யாராவது பின்தங்கி வருவானோ என்று நின்றேன். இருட்டும்வரை நின்றேன், ஓட்டம் முடிந்தது என்று எனக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அப்போது உன் நினைவு வந்தது. ஒரு வருஷம் விளக்கு வைத்த பிறகு நீ வீட்டுக்கு வந்தாய், எங்கடா சுத்திகினு வர்றேன்னு உன்னை அடித்தேனே. ஷீல்டைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போன குஷியில் உன்னைக் கூப்பிட ஆள் அனுப்ப மறந்தவன் நான்தான். அடுத்த வருஷம், நைனா நானும் ஓடறேனேன்னு கேட்டாய். நீ ஓடிட்டா அங்க யார்றா நிக்கறது, உன்னை விட்டா யாரை நம்பறதுன்னேன். பெருமையாகத்தான் சொன்னேனடா, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், ஆங், இப்பதான் தெரிஞ்சுதா உங்களுக்குன்னு உள்ளே போய்விட்டாள்.

நேற்று பழைய நோட்டைப் புரட்டினேன். எத்தனையோ பையன்கள், யார் எத்தனை நிமிஷம் எத்தனை செகண்டு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உன் பேர் ஒரு பக்கத்திலும் இல்லை. நீ வேகமா ஓடுவாயா மெதுவா ஓடுவாயா என்றுகூட உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு.

முருகன் உனக்கு நீண்ட ஆயுசும் திடமான உடம்பும் கொடுக்கட்டும். மாதம் ஒரு கார்டாவது அம்மாவுக்குப் போடு. ஆடிக் கிருத்திகைக்கு லீவு வாங்கிக்கொண்டு வா, வயசாச்சே என்று பார்க்காமல் ஒருநாள் காலையில் நீ ஓடு. புளியமரத்தடியில் துணியோடு நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
கோதண்டம்