கொடியில் உடுப்புக் காயப்போடச் சொன்னவனுக்கு

என் அன்பு மச்சான் அந்தோனி,

நீ போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. ஆண்டுத் திருப்பலிக்கு நானும் வந்தேன். உன் மனைவி ரீற்றா பூவெல்லாம் வைத்து வடிவாகச் செய்திருந்தாள். நான் கோயிலின் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். உனக்காகச் செபிக்கவில்லை. உன்னோடு எனக்குக் கோபம். செத்தவனோடு என்னடா கோபம் என்று நீ சிரிப்பாய். சிரி, ஆனால் இதை முழுக்க வாசித்துவிட்டுச் சிரி.

லெபனானில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்த காலை உனக்கு நினைவிருக்கும். புலம்பெயர்ந்து வந்து நாம் இரண்டு பேரும் வேலை செய்த நார்த்மீட் பேக்கரியில் நம் முதலாளி எலியாஸ் மா குழைக்கிற மெசினை நிற்பாட்டிவிட்டு ரிவிக்கு முன்னால் நின்றார். அவருடைய அக்கா மரியம் எல்லையோரக் கிராமத்தை விட்டு ஓடிவந்து, பெய்ரூட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். அறுபது நாளில் இஸ்ரேல் படை வெளியேறும், அந்த இடத்துக்கு லெபனான் படை வரும், எல்லாவற்றையும் கண்காணிக்க ஒரு குழு இருக்கும் என்று சொன்னார்கள். எலியாஸ் நம் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். அவர் கேட்டது ஆங்கிலத்தில்தான், என் காதில் மட்டும் அது நம் பாஷையில் நிற்கிறது.

"உங்கட நாட்டிலையும் போர்நிறுத்தம் வந்ததுதானே? அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போகலாமோ?"

நீ யோசிக்கவே இல்லை.

"ஓம், உடனே போகச் சொல்லுங்கோ. பிந்தினால் வீடு ஆமிக்குத்தான். ஆள் இருக்கிற வீடெண்டு தெரியவேணும். ஒவ்வொரு நாளும் கொடியிலை உடுப்புக் காயப்போடச் சொல்லுங்கோ. என்ரை அம்மா அப்பிடித்தான் செய்தவ. உடுப்புக் காயிற வீட்டை ஒருத்தனும் தொடேல்லை."

வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துப் பார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நமக்கு மட்டுந்தான் பொறுத்துப் பார்க்கப் பயம். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு என்ன நடந்தது என்று கண்ட ஆட்கள் அல்லவா?

மரியம் போனார். ஒரு கிழமைக்குள் படம் அனுப்பினார். பாதிக் கூரை இல்லாத வீடு. முற்றத்துக் கொடியில் இரண்டு கறுப்புப் பாவாடை, ஒரு தலையணை உறை. எலியாஸ் அதை அச்செடுத்துப் ரொட்டி சுடுகிற போறணைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். தட்டு எடுக்கப் போகும்போதெல்லாம் நீ அதை ஒருக்கால் தொட்டுவிட்டுப் போவாய். என்னவோ நீயே போய்த் துவைத்துப் போட்ட மாதிரி உனக்குப் பெருமையும் புழுகமும். அடுத்த மாதம் உன் இதயம் நின்றது. நல்ல நேரம் பார்த்துத்தான் போனாய், கெட்டிக்காரன். மிச்சச் செய்தியை நான் சொல்கிறேன், கேள்.

அறுபது நாள் முடிந்தது. படை முழுதாகப் போகவில்லை. தவணையைத் தள்ளிப் போட்டார்கள். அந்தத் தவணையும் வந்தது, அப்போதும் ஐந்து குன்றுகளில் இருந்துகொண்டார்கள். தற்காலிகம் என்றார்கள். அதில் ஒன்று மரியத்தின் முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியுமாம். அங்கே சண்டை பிடித்த இயக்கம் ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் போவோம் என்று இஸ்ரேல், படை போனால்தான் அதைப் பேசலாம் என்று இயக்கம். கோட்டுப் போட்டவர்கள் வந்தார்கள், கூடினார்கள், கை குலுக்கினார்கள். நடுவர்கள் கவலை தெரிவித்தார்கள். பின்னால் புகை எழும்பிக்கொண்டிருக்க, போர்நிறுத்தம் நடைமுறையில் உள்ளது என்று ரிவியில் ஒருத்தி வாசித்தாள். நமக்குத் தெரியாத வசனமா அது, மச்சான்?

ஒரு நாள் காலையில் மரியத்தின் பக்கத்து வீட்டில் குண்டு விழுந்தது. அங்கே ஆயுதம் இருந்தது என்றது ஒரு பக்கம். ஒப்பந்த மீறல் என்றது மற்றப் பக்கம். கண்காணிப்புக் குழு அதையும் குறித்துக்கொண்டிருக்கும். மரியம் அந்த நேரம் கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றார். மதில் அவர் மேல் விழுந்தது. உயிர் தப்பிவிட்டார். ஆனால் இடுப்பு நொறுங்கிப் போயிற்று. இப்போது பெய்ரூட்டில் சொந்தக்காரர் வீட்டில், பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார்.

போன கிழமை வேலை முடிய எலியாஸ் என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். வீடியோவில் மரியம். இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் ஒரே மேசையில் இருந்து பேசுகிறார்களாம். அவருக்குத் திரும்ப நம்பிக்கை வந்துவிட்டது. அவர் அரபியில் கேட்டதை எலியாஸ் எனக்குச் சொன்னார்.

"உங்கட கூட்டாளியிட்டைக் கேட்கட்டாம். இந்த முறையும் போகலாமோ? எத்தனை நாளைக்கு உடுப்புப் போடவேணும் எண்டு கேட்கிறா."

நீ செத்துப்போனதை எலியாஸ் அவருக்குச் சொல்லவே இல்லை. "உங்கட கூட்டாளி சொன்னதெண்டால் அவவுக்கு வேதவாக்கு," என்று மா ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்ய? ஓம் என்று சொன்னால் அவர் போய்விடுவார், அந்தப் பொல்லோடு.

அதனால் நீ சொல்லாமல் விட்ட மீதியைச் சொன்னேன். உன் அம்மா போர்நிறுத்தக் காலம் முழுக்க உடுப்புக் காயப்போட்டா. அது உண்மை. திரும்பச் சண்டை தொடங்கியபோது, மூன்று நாளில் திரும்பி வரலாம் என்று சொல்லி ஆமி ஊரையே வெளியேற்றியது. கொடியில் உடுப்பு ஈரமாகக் கிடக்கத்தான் உன் அம்மா வெளிக்கிட்டா. ஊர் ஆமி முகாமானது. முள்ளுக்கம்பிக்கு வெளியே கொட்டில் போட்டு இருந்து, அங்கேயே செத்துப்போனா. சாகும்வரை தன் முற்றத்தைப் பார்த்தா. அவவின் கொடியில் சீருடை காய்ந்தது.

ஏன்டா உடுப்போடு கதையை நிற்பாட்டினாய்? எலியாஸின் முகம் மலர்ந்ததைக் கண்டதாலா? அல்லது உன் அம்மா தோற்றதை உன் வாயால் சொல்ல மனம் வரவில்லையா? உன்னை நம்பினவர்களை நீ ஏமாற்றிவிட்டாய், மச்சான். நம்மை ஏமாற்றியவர்கள் செய்த மாதிரியே, பாதியைச் சொல்லி.

எலியாஸ் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தார். மரியம் பொல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்று கேட்டார். நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"அவர் செத்திட்டார், சரி. நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

நான் போனை எலியாஸிடமே திருப்பிக் கொடுத்தேன். மரியம் போகப் போகிறாரா என்று தெரியாது. படம் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. எலியாஸ் அதைக் கழற்றவில்லை, நான் தொடுவதும் இல்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இனி யார் என்னிடம் வந்து, போர்நிறுத்தமாம், வீட்டுக்குப் போகலாமோ என்று கேட்டாலும், உன் அம்மாவின் கதையைச் சொல்வேன். உடுப்பில் தொடங்கிச் சீருடை வரைக்கும் சொல்வேன். பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும்.

மீதிக் கதை தெரிந்தும் பக்கத்தில் பேசாமல் நின்ற
உன் மச்சான்,
சேவியர்