சிவக்காத ஸ்லைடு

ஜூலை 8, புதன்.

ஆமைக் கருவில் கொலாஜன் என்ற புரதத்தை மருந்து கொடுத்துத் தடுத்தால் விலா எலும்பு பக்கவாட்டில் விரிந்து ஓடாகாமல் போகுமா என்பதுதான் என் ஆய்வு. கொலாஜன் இருந்தால் ஸ்லைடில் சிவப்பாகத் தெரியும். இன்று சிவப்பே இல்லை. தடுத்துவிட்டேன் என்று என் வழிகாட்டி சாருக்குப் படம் அனுப்பினேன். "சூப்பர்மா" என்றார்.

சாயங்காலம், ஸ்லைடுக்குச் சாயம் போடும் செல்வி அக்கா, "செவப்பு தீந்துபோச்சு மேடம். நீலம் மட்டும் போட்டுட்டு தட்டுல சீட்டு ஒட்டியிருந்தேனே, பாக்கலையா?" என்றார்.

பார்க்கவில்லை. வீடு திரும்பும்போது பொம்மசந்திரா வரை பஸ்ஸில் அதே நினைப்பு. மருந்து போடாத கருவின் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்திருந்தால் அதுவும் நீலமாகவே இருந்திருக்கும். எதிர்பார்த்த பதில் கிடைத்ததும் அந்த ஸ்லைடை எடுக்கவே தோன்றவில்லை. அது எங்கே என்று சாரும் கேட்கவில்லை.

இப்போதுதான் அவருக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார். ஏதோ டைப் செய்கிறார், நிறுத்திவிடுகிறார்.