நீர்க்க விடாத வெள்ளைப் பெயிண்ட்

என் செல்ல மருமகளுக்கு, இந்தப் பெயிண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தை ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் உன் மாமன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், முதலாளி வீட்டுச் சுவரைத் தவிர.

பயிற்சி முடிந்ததும், பயிற்சிக்குப் போன ஊர் ஆலையிலேயே நிரந்தரமாகச் சேரப்போகிறாயாம், உன் அம்மா சொன்னாள். தாராளமாகச் சேர். கையெழுத்துப் போடுமுன் இதை மட்டும் படித்துவிடு.

நீ உன் வீட்டுக்காரரிடம் கோபித்துக்கொண்டு கிளம்பியதும், துகள் அளக்கும் லேசர் கருவி அவர் கைக்குப் போனது. மாப்பிள்ளை புது வெள்ளைப் பெயிண்டைத் தண்ணீர் கலந்து நீர்க்க விடாமல், கெட்டியாக அப்படியே கண்ணாடிக் குப்பியில் ஊற்றிவிட்டார். அப்படிச் செய்யாதே என்றுதானே நீ தொண்டை கிழியச் சொன்னாய்! துகளில் பட்டுச் சிதறும் ஒளி வேகமாக மினுங்கினால் பொடித் துகள், மெதுவாக மினுங்கினால் பெரிய துகள். உனக்கே பாடம் எடுக்கிறேன் பார். அந்தக் கூழுக்குள் நுழைந்த ஒளியோ, ரயில் நெரிசலில் மாட்டியவன் மாதிரி ஆளாளுக்கு முட்டி மோதித் தாறுமாறான வேகத்தில் மினுங்கியது. திரண்டு கிடந்த துகள்களை எல்லாம் பொடிப்பொடி என்று கருவி சொல்லிவிட்டது. பூரித்துப்போன முதலாளி அதைத் தன் வீட்டு முன்னறைக்கே அடித்தார். இப்போது அந்தச் சொரசொரச் சுவரில் யானைகள் வரிசையில் நின்று முதுகு சொறிந்துகொள்கின்றன.

விசாரணையில் நான், "கருவிக்கு வயசாயிடுச்சு சார்" என்று அளந்தேன். மாப்பிள்ளை குறுக்கே வந்து, "கருவி மேல தப்பு இல்ல சார். நீர்க்க விட்டுப் போடுங்கன்னு அவ படிச்சுப் படிச்சு சொன்னா. அவகிட்ட தோத்துடக் கூடாதுன்னு நான்தான் கேக்கல" என்றார். எல்லார் முன்னாலும்! கல்யாணமான நாள்முதல் உன் அத்தையிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லாத நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை இப்போது பயத்தில் ஒரு சொட்டுப் பெயிண்டுக்கு ஓர் ஏரியையே கலக்குகிறார். ஒளி முட்டிக்கொள்ளத் துகளே அகப்படவில்லை. உன்னிடமே அளவு கேட்கலாமே என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாமா கேக்கறது?" என்றார்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து போ. எனக்கு முழங்கால் வலி, ரயிலடிக்கு வேறு ஆளை அனுப்புகிறேன். நீ வருவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார். வயதான காலத்தில் என்னைப் பொய்யனாக்கிவிடாதே, தாயே.

இப்படிக்கு,
உன் மாமன்